பட்ஜெட் மதர்போர்டில் ரைசன் பிபிஓ: கரன்ட்டைக் கூட்டாமல் வேகத்தைக் கூட்டுவது

பி450, பி550 சிப்செட்டில் வரும் விலை குறைந்த போர்டுகளின் பயாஸில் 'பிரிசிஷன் பூஸ்ட் ஓவர்டிரைவ்' என்று ஒரு வரி இருக்கும். சுருக்கமாக பிபிஓ; ஏஎம்டியின் ரைசன் பிராசசரை வழக்கமான வரம்பைத் தாண்டி வேகமெடுக்க விடும் வசதி. அதை 'எனேபிள்டு' என்று மாற்றி எஃப்10 தட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். பிராசசருக்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் சர்க்யூட்டான விஆர்எம்மில் நான்கே ஃபேஸ் (கரன்ட்டைப் பங்கு போடும் கிளை) உள்ள போர்டில் செய்யக் கூடாத முதல் காரியமே அதுதான். அப்படி மாற்றியதும் பிராசசருக்கு இருந்த கரன்ட் வரம்பு போய், போர்டு தயாரித்தவர் பயாஸில் எழுதி வைத்த எண் அந்த இடத்துக்கு வந்துவிடும். அந்த எண், போர்டின் தாங்குசக்தியைப் பார்த்து எழுதப்பட்டது என்று நம்பி உட்கார முடியாது.

இங்கே சொல்லப்போவது வேறு வழி. வாட், ஆம்பியர் வரம்புகளைக் கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, குறிப்பிட்ட வேகத்துக்கு பிராசசர் கேட்கும் வோல்டேஜைக் குறைக்கப்போகிறோம். அதே வாட்டுக்குள் வேகம் கூடும். விஆர்எம் சூடு கூடாது. இதற்கு 'கர்வ் ஆப்டிமைசர்' என்று பெயர். பிபிஓ மெனுவுக்குள்ளேயே இருக்கிறது.

எந்தப் பிராசசருக்கு, எந்த போர்டுக்கு

இதில் வரும் எண்கள் ஏஎம்4 சாக்கெட்டில் உட்காரும் ஜென் 3 தலைமுறை பிராசசர்களுக்கானவை: ரைசன் 5 5600, 5600எக்ஸ், ரைசன் 7 5700எக்ஸ். ரைசன் 3600 போன்ற ஜென் 2 பிராசசர்களில் பிபிஓ உண்டு, கர்வ் ஆப்டிமைசர் கிடையாது. அவற்றை வைத்திருப்பவர்கள் நல்ல கூலர் போட்டுவிட்டு பயாஸைச் சும்மா விடுவதே மேல். 5800எக்ஸ்3டி ஓவர்கிளாக்கிங்குக்குப் பூட்டப்பட்டது. ஏ320, ஏ520 சிப்செட்டில் பிராசசர் ஓவர்கிளாக்கிங்குக்கு ஏஎம்டியின் ஆதரவு இல்லை. மெனுவே வராமல் போனால் பயாஸைக் குறை சொல்லிப் பயனில்லை.

இன்னொன்று. பிபிஓவை ஆன் செய்வது ஏஎம்டியின் கணக்கில் ஓவர்கிளாக்கிங்தான். அதனால் வரும் சேதத்துக்கு வாரன்டி இல்லை என்று பயாஸ் திரையிலேயே எச்சரிக்கை காட்டி 'அக்செப்ட்' கேட்கும். வரம்பை ஏற்றாமல் வோல்டேஜை மட்டும் குறைப்பவருக்கும் அதே திரைதான்.

பூஸ்ட் எந்தச் சுவரில் முட்டுகிறது

ரைசன் தன் வேகத்தை 25 மெகாஹெர்ட்ஸ் படிகளில் ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கும். ஏறிக்கொண்டே போய் ஐந்து சுவர்களில் எது முதலில் வருகிறதோ அதில் நிற்கும். பிபிடி என்பது சாக்கெட்டுக்குள் போகும் மொத்த வாட். டிடிசி என்பது தொடர்ந்து ஓடும்போது அனுமதிக்கப்படும் ஆம்பியர். இது விஆர்எம் சூட்டை மனதில் வைத்து வைத்த எண். ஈடிசி என்பது கண நேரம் எகிறும்போது அனுமதிக்கப்படும் ஆம்பியர். நான்காவது வெப்பநிலை. ஐந்தாவது அந்த மாடலுக்கே எழுதப்பட்ட உச்ச வேகம்.

5600, 5600எக்ஸ், 5700எக்ஸ் மூன்றுக்கும் பெட்டியில் 65 வாட் என்று அச்சடித்திருந்தாலும் உண்மையான வரம்பு பிபிடி 76 வாட், டிடிசி 60 ஆம்பியர், ஈடிசி 90 ஆம்பியர். உச்ச வேகமும் அப்படித்தான்: 5600க்கு 4.4 கிகாஹெர்ட்ஸ் என்று விற்றாலும் லேசான வேலையில் 4.45 வரை போகும். 5600எக்ஸும் 5700எக்ஸும் 4.65 வரை.

உங்கள் பிராசசர் எந்தச் சுவரில் முட்டுகிறது என்று தெரியாமல் மெனுவில் கைவைக்க வேண்டாம். ஆறு கோர் 5600, ஓரளவு நல்ல கூலரோடு இருந்தால், சீக்கிரமே உச்ச வேகச் சுவரைத் தொட்டுவிடும். அதற்கு வாட் வரம்பை ஏற்றினால் எதுவும் நடக்காது. எட்டு கோர் 5700எக்ஸ் எல்லாக் கோரும் ஓடும் வேலையில் 76 வாட்டில் மூச்சுத் திணறும். அதற்குத்தான் கர்வ் ஆப்டிமைசர் பலன் அதிகம்.

மாற்றும் முன் அளந்து வையுங்கள்

தேவையான மென்பொருள் மூன்று: சென்சார் எண்களைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ64, முழு லோடு கொடுத்து ஸ்கோர் தரும் சினிபெஞ்ச் ஆர்23, ஒவ்வொரு கோராகச் சோதிக்கும் கோர்சைக்ளர். மூன்றும் இலவசம்.

முதலில் பயாஸில் டிஃபால்ட் செட்டிங்கை ஏற்றுங்கள். எம்எஸ்ஐயில் எஃப்6, அசூஸில் எஃப்5, ஜிகாபைட்டில் எஃப்7, அஸ்ராக்கில் எஃப்9. மெமரியை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியையும் இப்போதைக்கு ஆன் செய்யாதீர்கள். இரண்டையும் சேர்த்து மாற்றிவிட்டு, பிறகு கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆனால் குற்றவாளி மெமரியா கோரா என்று தேடியே ஒரு வாரம் போய்விடும்.

எச்டபிள்யூஇன்ஃபோவின் செட்டிங்கில் 'ஸ்னாப்ஷாட் சிபியு போலிங்' என்பதை டிக் செய்து, சென்சார் பக்கத்தை மட்டும் திறங்கள். சினிபெஞ்ச் மல்டி கோரை 10 நிமிடம் ஓட்டுங்கள். ஓடும்போது இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: பிபிடி, டிடிசி, ஈடிசி மூன்றும் எத்தனை சதவீதத்தில் நிற்கின்றன; எல்லாக் கோர்களின் 'எஃபெக்டிவ் கிளாக்' (உண்மையில் ஓடிய வேகத்தின் சராசரி) எவ்வளவு; பிராசசர் வெப்பநிலை; விஆர்எம் வெப்பநிலை; கடைசியில் கிடைத்த ஸ்கோர். சிங்கிள் கோர் ஸ்கோரையும் ஒருமுறை எடுத்துவிடுங்கள். அறையின் வெப்பநிலையையும் பக்கத்தில் எழுதுங்கள். இணையத்தில் நீங்கள் பார்க்கும் கூலர், போர்டு ரிவ்யூக்கள் பெரும்பாலும் 21 முதல் 25 டிகிரி அறையில் எடுத்தவை. மே மாதத்து மதுரையில் ஏசி இல்லாத அறை 36 டிகிரி என்றால் அங்கே சொன்ன எண்ணோடு குறைந்தது பத்தைக் கூட்டித்தான் படிக்க வேண்டும்.

அதே சென்சார் பட்டியலில் 'பவர் ரிப்போர்ட்டிங் டீவியேஷன்' என்று ஒரு வரி வரும். பட்ஜெட் போர்டுக்காரர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய வரி இது. பிராசசருக்கு எவ்வளவு கரன்ட் போகிறது என்று விஆர்எம் கன்ட்ரோலர் சொல்வதை வைத்துத்தான் பிராசசர் தன் வாட்டைக் கணக்கிடுகிறது. போர்டு அதைக் குறைத்துச் சொன்னால், பிராசசர் 76 வாட் என்று நினைத்துக்கொண்டு அதற்கு மேல் இழுக்கும். இந்த வரி டிஃபால்ட் செட்டிங்கில், பிபிஓ ஆஃப் நிலையில், முழு லோடில் 100க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். 75 என்று காட்டினால் உண்மையில் போவது சுமார் 101 வாட். அப்படிப்பட்ட போர்டு ஏற்கெனவே வரம்பை மீறித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது; அதில் பிபிடியை இன்னும் ஏற்றுவது பற்றிப் பேசவே வேண்டாம். சும்மா இருக்கும்போதோ லேசான வேலையிலோ இந்த எண் எதை வேண்டுமானாலும் காட்டும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

விஆர்எம் சூட்டை எப்படிப் பார்ப்பது

பல விலை குறைந்த போர்டுகளில் விஆர்எம் பக்கத்தில் சென்சாரே இருக்காது. இருந்தால் எச்டபிள்யூஇன்ஃபோவில் 'விஆர் மாஸ்' அல்லது 'விஆர்எம்' என்ற பெயரில் வரும். இல்லாதவர்கள் மல்டிமீட்டரோடு வரும் கே-டைப் தெர்மோகப்பிள் ஒயரின் முனையை, மாஸ்ஃபெட் (விஆர்எம்மில் கரன்ட்டைக் கடத்தும் ஸ்விட்ச் சில்லு) வரிசைக்கு நேர் பின்னால் போர்டின் முதுகில், சூடு தாங்கும் கேப்டன் டேப் போட்டு ஒட்டிப் பார்க்கலாம். கேபினெட்டின் பின் தட்டைக் கழற்றினால் அந்த இடம் தெரியும். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் பயன்படுத்தினால் பளபளப்பான உலோகத்தின் மீது அடிக்காதீர்கள், குறைத்துக் காட்டும். கருப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி அதன் மேல் அடியுங்கள்.

10 நிமிட முழு லோடில் சென்சார் 90 டிகிரிக்குள் இருந்தால் நிம்மதி. 100ஐத் தாண்டினால் முதலில் காற்றோட்டத்தைச் சரி செய்யுங்கள். மாஸ்ஃபெட் அதற்கு மேலும் தாங்கும்; பக்கத்தில் நிற்கும் கெப்பாசிட்டருக்குப் பொதுவாக 105 டிகிரிதான் எல்லை, அதன் ஆயுள்தான் குறையும்.

இந்தச் சூடு ஏன் கரன்ட்டோடு இப்படி எகிறுகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. மாஸ்ஃபெட்டின் உள் மின்தடையில் வீணாகும் வெப்பம் கரன்ட்டின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 60 ஆம்பியரை நான்கு ஃபேஸ் பங்கு போட்டால் ஒவ்வொன்றுக்கும் 15. அதையே 90 ஆக்கினால் ஒவ்வொன்றுக்கும் 22.5. கரன்ட் ஒன்றரை மடங்குதான், அந்த வெப்பம் இரண்டேகால் மடங்கு. ஹீட்சிங்க் இல்லாத நான்கு ஃபேஸில் அதை வெளியேற்ற வழியில்லை.

டவர் கூலர் வைத்தவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. பெட்டியோடு வரும் ரெய்த் ஸ்டெல்த் கூலர் காற்றைக் கீழ் நோக்கி ஊதும். பிராசசரை அவ்வளவாகக் குளிர்விக்காவிட்டாலும் சுற்றியுள்ள விஆர்எம் மேல் காற்று படும். அதைக் கழற்றிவிட்டு டவர் கூலரோ லிக்விட் கூலரோ போட்டால் பிராசசர் 15 டிகிரி குறையும், விஆர்எம் சூடாகும். கேபினெட்டின் பின்பக்கம் ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேன் வெளியே இழுக்கும்படி இருப்பது குறைந்தபட்சத் தேவை. அது போதாவிட்டால் 80 அல்லது 92 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்றை விஆர்எம் மேல் சாய்த்துக் கட்டுங்கள். மெதுவாகச் சுற்றினாலும் ஹீட்சிங்க் இல்லாத மாஸ்ஃபெட்டுக்கு அது பெரிய உதவி. ஒட்டும் சின்ன அலுமினிய ஹீட்சிங்க் வாங்கினால் மாஸ்ஃபெட் மேல் மட்டும் ஒட்டுங்கள். பெரிய சதுரக் கட்டியாகத் தெரியும் சோக் மேல் ஒட்டிப் பயனில்லை. மாஸ்ஃபெட்டின் கால்களில் உலோகம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சூட்டில் பசை இளகி விழுந்தால் நேரே கிராஃபிக்ஸ் கார்டின் முதுகில்தான் விழும். செங்குத்தாக நிற்கும் கேபினெட்டில் இது அபூர்வமல்ல.

போர்டில் பிராசசருக்கான பவர் சாக்கெட் நான்கு பின் என்றால் பயப்பட வேண்டாம், 100 வாட் வரை அது தாராளமாகத் தரும். மோலெக்ஸிலிருந்து மாற்றும் அடாப்டர் போட்டிருந்தால் அதைத் தூக்கி எறியுங்கள்.

பயாஸ் பதிப்பு

கர்வ் ஆப்டிமைசர் மெனு 2020 இறுதியில் ஜென் 3யோடு வந்தது. பழைய பி450 பயாஸ்களில் மெனு அரைகுறையாக இருக்கும். ஏஜெசா (பயாஸுக்குள் இருக்கும் ஏஎம்டியின் அடிப்படை மென்பொருள்) 1.2.0.7 அல்லது அதற்குப் பிந்தைய பயாஸ் போடுங்கள். விண்டோஸில் எஃப்டிபிஎம் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் பாதுகாப்பு வசதி) ஆன் செய்தவர்களுக்கு அவ்வப்போது வந்த திக்கல் சரி செய்யப்பட்டதும் 2022இல் வந்த அந்தப் பதிப்பில்தான். ஃபிளாஷ் செய்யும்போது யுபிஎஸ் கட்டாயம். பிட்லாக்கர் ஆன் ஆக இருந்தால் ரெக்கவரி கீயை முதலில் எடுத்து வைத்துவிட்டு ஆரம்பியுங்கள், இல்லாவிட்டால் ஃபிளாஷ் முடிந்ததும் டிரைவ் பூட்டிக்கொள்ளும்.

மெனுவில் என்ன போடுவது

எம்எஸ்ஐயில் 'ஓசி' பக்கத்தில் 'அட்வான்ஸ்டு சிபியு கான்ஃபிகரேஷன்' வழியாகப் போக வேண்டும். அஸ்ராக்கில் 'அட்வான்ஸ்டு' பக்கத்தில் 'ஏஎம்டி ஓவர்கிளாக்கிங்'. ஜிகாபைட்டிலும் அசூஸிலும் பிபிஓ இரண்டு இடங்களில் வரும்: ட்வீக்கர் பக்கத்தில் ஒன்று, 'ஏஎம்டி ஓவர்கிளாக்கிங்' பக்கத்தில் இன்னொன்று. இரண்டிலும் போட்டால் எது செல்லும் என்பது அந்தந்த பயாஸின் மனநிலையைப் பொறுத்தது. 'ஏஎம்டி ஓவர்கிளாக்கிங்' பக்கத்தில் மட்டும் மாற்றுங்கள், மற்றது 'ஆட்டோ'விலேயே இருக்கட்டும்.

அங்கே பிபிஓவை 'அட்வான்ஸ்டு' ஆக்குங்கள். 'பிபிஓ லிமிட்ஸ்' என்பதில் 'மதர்போர்டு' வேண்டாம், 'மேனுவல்' எடுங்கள். ஹீட்சிங்க் இல்லாத போர்டில் 76, 60, 90 என்ற அதே எண்களையே கையால் எழுதுங்கள். மாற்றமே இல்லாத எண்ணை எதற்கு எழுத வேண்டும் என்று தோன்றும்; 'ஆட்டோ' விட்டால் சில பயாஸ் தானாகவே போர்டின் எண்ணை எடுத்துக்கொள்ளும், அதைத் தடுக்கத்தான். சில பயாஸ்களில் அலகு மில்லிவாட், மில்லிஆம்பியர். அங்கே 76000, 60000, 90000. வலது ஓரத்தில் வரும் உதவிக் குறிப்பைப் படித்தால் எந்த அலகு என்று தெரியும். மில்லிவாட் கேட்கும் இடத்தில் 76 என்று எழுதிவிட்டால் கம்ப்யூட்டர் ஆமையாக ஓடும், உடைந்துபோகாது.

விஆர்எம் மேல் ஹீட்சிங்க் இருந்து, முந்தைய சோதனையில் 80 டிகிரிக்குள் நின்றிருந்தால் ஆறு கோருக்கு 88, 65, 95 போதும். 5700எக்ஸுக்கு 95, 70, 110 வரை போகலாம். 5800எக்ஸின் 142 வாட்டை 5700எக்ஸுக்குக் கொடுத்தால் அதுவும் அவ்வளவு வேகம் ஓடும் என்று சொல்வார்கள். ஓடும்தான், அது நல்ல விஆர்எம் உள்ள போர்டுக்கான விளையாட்டு.

'ஸ்கேலர்' 1எக்ஸ். இதை 10எக்ஸ் ஆக்கினால் அதிக வோல்டேஜில் அதிக நேரம் இருக்க பிராசசருக்கு அனுமதி கிடைக்கும். ஜென் 3யில் அதனால் வரும் லாபம் அளக்க முடியாத அளவு, சூடு மட்டும் நிச்சயம். 'மேக்ஸ் சிபியு பூஸ்ட் கிளாக் ஓவர்ரைட்' இப்போதைக்கு 0. 'பிளாட்ஃபார்ம் தெர்மல் த்ராட்டில் லிமிட்' இருந்தால் மேனுவல் ஆக்கி 85 போடுங்கள். கோர் வோல்டேஜ், எல்எல்சி (லோடில் வோல்டேஜ் இறங்குவதை ஈடுகட்டும் செட்டிங்) இரண்டும் ஆட்டோ. கர்வ் ஆப்டிமைசரோடு சேர்த்து வோல்டேஜ் ஆஃப்செட்டையும் குறைப்பது ஒரே கயிற்றை இரண்டு பக்கமும் இழுப்பது மாதிரி. எந்தப் பக்கத்தால் அறுந்தது என்றே தெரியாது.

கர்வ் ஆப்டிமைசர்

'ஆல் கோர்' எடுங்கள். 'சைன்' என்ற இடத்தில் 'நெகட்டிவ்'. இதைப் 'பாசிட்டிவ்' ஆகவே விட்டுவிட்டு 20 போட்டால் வோல்டேஜ் கூடிவிடும். வேகம் குறைந்து சூடு கூடியது என்று புலம்புகிறவர்களில் கொஞ்சப் பேர் செய்தது அதுதான். மதிப்பு 10இல் ஆரம்பியுங்கள். ஒரு எண்ணுக்குச் சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட். 10 என்றால் 30 முதல் 50 மில்லிவோல்ட் குறையும். அதிகபட்சம் 30.

சேமித்து விண்டோஸுக்கு வந்து சினிபெஞ்ச் ஓட்டுங்கள். எச்டபிள்யூஇன்ஃபோவில் பிபிடி 76 வாட்டைத் தாண்டாமல் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். தாண்டினால் பயாஸ் நீங்கள் எழுதியதைக் கேட்கவில்லை. பிறகு எஃபெக்டிவ் கிளாக். அதே வாட்டில் முன்பைவிட 50 முதல் 100 மெகாஹெர்ட்ஸ் கூடியிருக்கலாம், அல்லது வேகம் அதே இருந்து வாட்டும் டிகிரியும் இறங்கியிருக்கலாம். இரண்டாவது நடந்தால் உங்கள் பிராசசர் உச்ச வேகச் சுவரில் நிற்கிறது என்று பொருள். ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

10 நிலையாக ஓடினால் 15, பிறகு 20. எல்லாக் கோருக்கும் ஒரே எண் போடும் முறையில் பெரும்பாலான சில்லுகள் 15க்கும் 25க்கும் நடுவில் எங்காவது நின்றுவிடும். 'எனக்கு 30 ஓடுகிறது' என்று சொல்பவர்களிடம் இரவு முழுவதும் கோர்சைக்ளர் ஓட்டினீர்களா என்று கேளுங்கள்.

ஏன் அந்தக் கேள்வி? சினிபெஞ்ச் மல்டி கோர் இந்த விஷயத்தில் மிக இலகுவான பரீட்சை. எல்லாக் கோரும் ஓடும்போது வேகம் உச்சத்தில் இருக்காது, வோல்டேஜ் பற்றாக்குறையும் வெளியே தெரியாது. ஒரே ஒரு கோர் 4.45 அல்லது 4.65இல் ஓடும்போதுதான் தெரியும். அதனால்தான் கேம் பல மணி நேரம் ஓடிய கம்ப்யூட்டர், பிரவுசரை மூடிவிட்டு டீ குடிக்கப் போன நேரத்தில் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. லோடு இறங்கி ஏறும் அந்தக் கணத்தில் ஒரு கோர் உச்ச வேகத்துக்குத் தாவும், கொடுக்கும் வோல்டேஜ் போதாது, விழுந்துவிடும்.

கோர்சைக்ளர் ஒவ்வொரு கோராக பிரைம்95 என்ற கடும் சோதனை மென்பொருளை ஓட்டும். அதன் கான்ஃபிக் ஃபைலில் மோடை எஸ்எஸ்இ என்றும், எஃப்எஃப்டி அளவை 'ஹியூஜ்' என்றும், திரெட் எண்ணிக்கையை 1 என்றும் வையுங்கள். ஏவிஎக்ஸ் (கனமான கணக்கு மோடு) கொடுத்தால் சூடு கூடி வேகம் இறங்கிவிடும். நமக்கு வேண்டியது சூடு அல்ல, உச்ச வேகம். முதல் சுற்றுக்குக் கோர் ஒன்றுக்கு 10 நிமிடம். ஆறு கோருக்கு ஒரு மணி நேரம். அதில் தேறியவுடன் இரவில் கோர் ஒன்றுக்கு ஒரு மணி நேரம் என்று விட்டுவிட்டுத் தூங்கப் போங்கள். தவறு வந்த கோரை அதுவே பெயர் சொல்லிக் காட்டும்.

இனி 'பெர் கோர்'. தவறிய கோரின் எண்ணை மட்டும் 5 குறையுங்கள். 20 இருந்தால் 15. தேறிய கோர்களை 3, 3 ஆகக் கூட்டலாம். எச்டபிள்யூஇன்ஃபோவில் கோர் பெயருக்குப் பக்கத்தில் 'பெர்ஃப் #1', '#2' என்று தரவரிசை வரும். இந்த முதல் இரண்டு கோர்களும் பொதுவாகக் குறைந்த எண்ணைத்தான் தாங்கும், சில சமயம் 5, 8 என்று. நல்ல கோர் ஏன் குறைவாகத் தாங்க வேண்டும் என்று குழம்ப வேண்டாம்: தொழிற்சாலையிலேயே அவற்றுக்கு வோல்டேஜ் இறுக்கிப் பிடித்துத்தான் கொடுத்திருக்கிறார்கள், குறைக்க இடம் கொஞ்சம்தான். மந்தமான கோர்களுக்குத் தாராளமாகக் கொடுத்திருப்பதால் அவை 25, 30 என்று போகும். ஆறு கோரில் 8, 12, 25, 22, 28, 25 என்பது போன்ற ஏறுமாறான வரிசை வந்தால் சரியாகச் செய்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்தவரின் வரிசையைப் பார்த்து எழுதாதீர்கள். சில்லுக்குச் சில்லு மாறும்.

தவறு நடந்தால் எதைப் பார்ப்பது

கம்ப்யூட்டர் நீலத்திரை இல்லாமல் சட்டென ரீஸ்டார்ட் ஆனால் விண்டோஸின் 'ஈவன்ட் வியூவர்' திறந்து 'சிஸ்டம்' பதிவில் 'டபிள்யூஎச்இஏ-லாகர்' என்ற வரியைத் தேடுங்கள். ஈவன்ட் எண் 18, 'கேஷ் ஹயரார்க்கி எரர்' என்று இருந்தால் கோர் வோல்டேஜ் போதவில்லை. அதிலேயே 'பிராசசர் ஏபிஐசி ஐடி' என்று ஒரு எண் இருக்கும். எஸ்எம்டி (ஒரு கோர் இரண்டு திரெட் ஓட்டும் வசதி) ஆன் ஆக இருந்தால் அதை இரண்டால் வகுத்து மீதியை விட்டுவிடுங்கள்: 0, 1 என்றால் கோர் 0; 6, 7 என்றால் கோர் 3. அந்தக் கோரின் எண்ணை மட்டும் 3 முதல் 5 குறைத்தால் போதும், எல்லாவற்றையும் கலைக்க வேண்டாம். ஈவன்ட் எண் 19, 'பஸ்/இன்டர்கனெக்ட்' என்று வந்தால் கர்வ் ஆப்டிமைசரை விட்டுவிட்டு மெமரி, எஃப்கிளாக் (பிராசசரின் உள் இணைப்பின் வேகம்) பக்கம் பாருங்கள்.

ஸ்கோர் குறைகிறது, ஆனால் கோர் கிளாக் கூடுதலாகக் காட்டுகிறது என்றால் கிளாக் ஸ்ட்ரெச்சிங். வோல்டேஜ் பற்றாதபோது பிராசசர் விழாமல் தன் துடிப்பை இழுத்து நீட்டிச் சமாளிக்கும். முழு லோடில் கோர் கிளாக்குக்கும் எஃபெக்டிவ் கிளாக்குக்கும் 50 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அதுதான். வோல்டேஜ் ஆஃப்செட் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பயாஸில் பாருங்கள்.

வேகம் திடீரென 550 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு விழுந்து, சில வினாடிகளில் மீண்டும் ஏறினால் எச்டபிள்யூஇன்ஃபோவில் 'தெர்மல் த்ராட்டிலிங்' வரிகளைப் பாருங்கள். 'பிராக்ஹாட் சிபியு' அல்லது 'எச்டிசி' என்பதில் 'யெஸ்' என்றால் பிராசசரே சூடாகிவிட்டது, கூலரைக் கவனியுங்கள். 'பிராக்ஹாட் எக்ஸ்ட்' என்பதில் 'யெஸ்' என்றால் வெளியிலிருந்து யாரோ பிரேக் போட்டிருக்கிறார்கள். பட்ஜெட் போர்டில் அந்த 'யாரோ' அநேகமாக விஆர்எம்தான். டிடிசியை 5 ஆம்பியர் குறைத்துவிட்டுக் காற்றோட்டத்துக்குத் திரும்புங்கள்.

திரையே வராமல் போனால் உடனே ஸ்க்ரூடிரைவரை எடுக்காதீர்கள். சில போர்டுகள் மூன்று முறை தானாக முயன்றுவிட்டு டிஃபால்ட்டுக்குத் திரும்பும். அதற்கும் வராவிட்டால் பவர் சப்ளையின் ஸ்விட்சை ஆஃப் செய்து, போர்டில் 'கிளியர் சிமாஸ்' என்று குறித்த இரண்டு பின்களை (எம்எஸ்ஐயில் இதற்கு 'ஜேபேட்1' என்று பெயர்) பத்து வினாடி தொட்டு இணையுங்கள். பின்கள் கைக்கு எட்டாத இடத்தில் இருந்தால் சிஆர்2032 பேட்டரியை ஐந்து நிமிடம் கழற்றி வைத்தாலும் அதே வேலைதான்.

உச்ச வேகத்தை ஏற்றுவதும் மெமரியும்

பெர் கோர் எண்கள் இரவுச் சோதனையில் தேறிய பிறகுதான் 'பூஸ்ட் கிளாக் ஓவர்ரைட்' பக்கம் போக வேண்டும். 5600 வைத்திருப்பவர்களுக்கு இதில் லாபம் உண்டு, ஏனென்றால் அதன் 4.45 என்பது சில்லின் திறனைவிட விற்பனைப் பிரிவு போட்ட கோடு. 50 மெகாஹெர்ட்ஸ் ஆகக் கூட்டுங்கள், 200தான் உச்சம். ஒவ்வொரு முறையும் கோர்சைக்ளரை முதலிலிருந்து ஓட்ட வேண்டும்: 4.45இல் 20 தாங்கிய கோர், 4.65இல் அதே 20ஐத் தாங்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பூஸ்ட்டுக்கு 200ம் கர்வுக்கு 30ம் ஒரே நாளில் போட்டுவிட்டு நிலையாக ஓடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். 5600க்கு 150 கூட்டிய நிலையில் நின்றுவிடுவது பெரும்பாலும் நியாயமான இடம். ரெய்த் ஸ்டெல்த் கூலரில் இதையெல்லாம் செய்யவே வேண்டாம், வெப்பநிலைச் சுவர் முதலில் வந்துவிடும்.

எக்ஸ்எம்பியைக் கடைசியில் ஆன் செய்யுங்கள். ஆன் செய்ததும் பல போர்டுகள் எஸ்ஓசி (பிராசசரில் கோர் அல்லாத பகுதி) வோல்டேஜைத் தாமாகவே 1.1க்கும் மேலே ஏற்றும். அது தின்னும் வாட்டும் அதே 76க்குள்தான் கணக்கு. கோர்களுக்குக் கிடைப்பது குறையும். டிடிஆர்4-3200 மெமரிக்கு எஸ்ஓசி 1.0 முதல் 1.05 வோல்ட் பெரும்பாலும் போதும். கையால் அந்த எண்ணைப் போட்டுவிட்டு மெம்டெஸ்ட் ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். மிச்சமாகும் சில வாட் 5700எக்ஸில் நேரே வேகமாகத் தெரியும்.

முடிந்ததும் பயாஸின் புரொஃபைல் இடத்தில் சேமியுங்கள், கூடவே ஒவ்வொரு பக்கத்தையும் ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பயாஸ் அப்டேட் செய்தால் பழைய புரொஃபைல் அழிந்துபோகலாம், சில போர்டுகளில் இருந்தாலும் ஏற்றாது. அப்டேட்டுக்குப் பிறகு படத்தைப் பார்த்துக் கையால் எழுதி, 'சைன்' நெகட்டிவில்தான் இருக்கிறதா என்று ஒவ்வொரு கோராகச் சரிபார்த்து, கோர்சைக்ளரை மறுபடி ஒரு சுற்று ஓட்டிவிடுங்கள். புதிய ஏஜெசாவில் அதே கோர் அதே எண்ணைத் தாங்காமல் போவதுண்டு.